கேட்காமல் நடந்த பாதை

அவள் பெயரை எழுத மாட்டேன். பயம்தான். கர்நாடகத்தின் வடகோடியில் ஏதோ ஓர் ஊரில் அவள் இப்போது ஜட்ஜ். நான் எதையாவது எழுதி அது அவள் கண்ணில் பட்டால் ஆளைப் பிடித்து உள்ளே போட மாட்டாள். அதைவிட மோசமான ஒன்றைச் செய்வாள். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மானநஷ்டம் என்றால் என்ன என்று எருமைக்கும் புரிகிற மாதிரி விளக்குவாள். விளக்கி முடித்ததும், "சரி, இப்ப நீ சொல்லு" என்பாள். அந்த நாலு வார்த்தைக்கு எங்கள் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான கோரமண்டல் லைனில் பயப்படாத ஆளே கிடையாது.

ஜட்ஜை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. ஆனால் எட்டாவது படிக்கும்போது என் வெள்ளைச் சட்டை முழுக்க இங்க் தெளித்தவளுக்கு இவ்வளவு மரியாதை போதும். நான் பத்தாவதோடு நின்றேன். பள்ளிக்கூடம்தான் என்னை நிறுத்தியது என்று சிலர் சொல்வார்கள். அவள் நிற்காமல் சட்டம் படித்தாள். முதல் இரண்டு வருடம் பெங்களூரில் ஒரு பெரிய வக்கீலிடம் ஜூனியர். எங்களோடு அதே காலை வண்டியில், அதே பெட்டியில், கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றபடி வருவாள். எங்கள் ஊரில் தங்கச் சுரங்கம் மூடிய பிறகு எல்லோருடைய பிழைப்பும் அந்த வண்டியில்தான் ஓடுகிறது. அதனால் அவளுடைய முதல் கோர்ட்டு அந்த ரயில் பெட்டிதான்.

ஒருவர் பையிலிருந்து ஏதாவது பேப்பரை எடுத்தால் போதும், அவள் கழுத்து நீளும். "இன்னா பேப்பர் மாமா?" என்பாள். அவர் நீட்டுவார். அதில் பெரிதாக ஒரு வார்த்தை இருக்கும். அர்த்தம் தெரியாது, ஆனால் தெரிந்தமாதிரி தலையாட்டுவார். அந்தத் தலையாட்டல்தான் அவளுக்கு ஆகாது. பங்காருப்பேட்டை வருவதற்குள் அந்த வார்த்தையைப் பிய்த்து, பொடி பண்ணி, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்துவிடுவாள்.

ஸ்டே என்றால் என்ன என்று விஞ்சிங் மாமாவுக்கு அவள் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். மாமா சுரங்கத்தில் ஆட்கள் ஏறிப் போகிற கேஜை ஏற்றி இறக்கும் இன்ஜினை ஓட்டியவர். "ஓடிக்கினு இருக்கற கேஜுக்கு ஒரு மணி அடிச்சா இன்னா பண்ணுவீங்க மாமா?" என்றாள். நிறுத்துவேன் என்றார். "அவ்ளோதான். மேலயும் போவாது, கீழயும் போவாது. யாரு பக்கம் நியாயம்னு அந்த மணி சொல்லல." மாமாவின் மகன் ஏதோ வழக்கில் ஸ்டே வாங்கியதும் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்திருந்தார் மாமா. அன்று அவர் முகம் நடுவழியில் நின்ற கேஜ் மாதிரியே ஆனது.

கேவியட் என்பது, என்னைக் கேட்காமல் கேஜை நகர்த்தாதே என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. அஃபிடவிட் என்பது சத்தியம் பண்ணி எழுதிக் கொடுப்பது. பொய் என்றால் சாமிக்கு முன்னால் போலீஸ் வரும். சம்மன் ஷிஃப்டு சங்கு மாதிரி, வா என்று கூப்பிடுகிறது. சங்கு ஊதியும் வராதவனை வீட்டுக்கே வந்து தள்ளிக்கொண்டு போவது வாரண்டு. பிரைமா ஃபேஸி என்பதற்கு அவள் சொன்னதைக் கேட்டு எனக்கு வண்டியிலேயே பசித்துவிட்டது. அண்டாவின் மூடியைத் திறந்ததும் வாசனையை வைத்து இது பிரியாணி என்று சொல்கிறோமே, அது. இன்னும் யாரும் சாப்பிட்டுப் பார்க்கவில்லை. உப்பு அதிகமா, கறி வெந்ததா என்பதெல்லாம் விசாரணையில்தான் தெரியும்.

இதெல்லாம் கேட்க இனிமையாக இருக்கும். பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்குத்தான் அதன் தொல்லை தெரியும். ஃபுட்பால் மேட்சில் அடிதடி பண்ணின பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஜாமீன் கிடைத்த அன்று அவன் வீட்டில் பட்டாசு வெடித்து, லைன் முழுக்க கேசரி கொடுத்தார்கள். நானும் இரண்டு தரம் வாங்கினேன். மூன்றாவது சரத்துக்குத் திரி கிள்ளும்போது அவள் வந்தாள். சரத்தைக் காலால் ஒதுக்கிவிட்டு அவனுடைய அம்மாவிடம், "அக்கா, புள்ள ஜெயிக்கல. உள்ள இருந்து நடத்த வேண்டிய கேஸை வீட்டுல இருந்து நடத்தலாம்னு சொல்லி இருக்காங்க. அவ்ளோதான். கூப்பிட்ட அன்னிக்கெல்லாம் போவணும்" என்றாள். அந்தம்மா கேசரித் தட்டோடு உறைந்து நின்றது. அதற்கும் அவள் விடவில்லை. "சரி, இப்ப நீங்க சொல்லுங்க."

அந்த வீட்டில் அவளோடு ஒரு மாதம் பேசவில்லை. ஆனால் அந்தப் பையன் ஒரு வாய்தாவுக்குக்கூடத் தவறவில்லை.

பிறகு அவள் பெங்களூர் போவதை நிறுத்தி, ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் தனியாகப் பலகை மாட்டினாள். அங்கே போகிறவன் பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டு உடனே வர முடியாது. என்ன எழுதியிருக்கிறது என்று ஒப்பிக்க வேண்டும். ஒப்பிக்காதவனுக்குப் பேனா கிடையாது. மற்ற வக்கீல்களிடம் பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை இவளிடம் அரை நாள். "லாயர் ஆபீஸா, டியூஷன் சென்டரா?" என்று பலகைக்குக் கீழே சாக்பீஸால் எழுதி வைத்தது யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

இனி எங்கம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய கதை எங்கம்மா இல்லாமல் நடக்காது.

அம்மா பெங்களூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறாள். வாழ்க்கையில் அவள் அதிகம் சொன்ன வார்த்தை "ஆமா சார்". சூப்பர்வைசர் என்ன கேட்டாலும் ஆமா சார். டிக்கெட் பரிசோதகரிடம் ஆமா சார். ஒரு தரம் டாக்டர், "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டதற்கும் ஆமா சார். எங்கள் அப்பா காலத்திலேயே லைனில் எல்லோருக்கும் அப்படித்தான் பழக்கம். மேலே இருக்கிறவர் சொல்லி முடிப்பதற்குள் ஆமா போட்டுவிடவேண்டும். போடாதவனுக்கு மறுநாள் வேலை சுரங்கத்தின் ஆழமான லெவலில்தான். சுரங்கம் மூடியும் அந்த ஆமா மூடவில்லை.

எங்கள் லைனிலிருந்து ஸ்டேஷனுக்கு ஒரு குறுக்குப் பாதை உண்டு. நடுவில் ஒரு காலி மனை, முள்ளுச்செடியும் எருமைகளுமாக. அந்த மனையைக் குறுக்கே கடந்தால், வண்டி ஊதுகிற சத்தம் கேட்ட பிறகு கிளம்பினாலும் பிடித்துவிடலாம். ஒரு வருடம் அந்த மனையை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கினார். கல்யாண மண்டபம் கட்டப் போவதாகச் சொன்னார்கள். யாரும் என் இடத்தில் நடக்கக் கூடாது என்று எங்கள் லைன் மேல் கேஸ் போட்டார்.

கோர்ட்டு அமீனா சம்மனை எடுத்துக்கொண்டு வந்தார். இங்கேதான் எங்கள் ஆட்கள் தங்கள் மூளையைக் காட்டினார்கள். சுரங்கம் மூடும்போது, படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் அழுதவர்கள் எங்கள் லைனில் நிறைய. அதிலிருந்து எங்களுக்கு ஒரு வழக்கம். எந்தப் பேப்பர் வந்தாலும் வாங்குவதில்லை, கையெழுத்துப் போடுவதில்லை. வாங்காவிட்டால் அது நம்மை ஒன்றும் செய்யாது என்று ஒரு நம்பிக்கை. அமீனாவின் சைக்கிள் திரும்பும்போதே முதல் வீட்டில் தட்டைத் தட்டுவார்கள். கடைசி வீடு வரைக்கும் கதவு சாத்தப்படும். மூன்று தரம் வந்து திரும்பிப் போனார் மனுஷன். கடைசித் தரம், வீட்டில் யாரும் இல்லை என்று விஞ்சிங் மாமா உள்ளே இருந்தே குரல் கொடுத்தார். ஜெயித்தோம் என்று சிரித்தோம். அவளிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் விளக்க ஆரம்பிப்பாளே.

கொஞ்ச நாளில் மனையைச் சுற்றிச் சுவர் எழும்பியது. பாதை அடைபட்டது.

ரோட்டைச் சுற்றி, லெவல் கிராஸிங் தாண்டித்தான் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். எனக்கென்ன, ஓடுவேன். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம். அந்த வாரமே இரண்டு நாள் அவள் பிளாட்பாரத்துக்குள் வரும்போது வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. இன்னொரு தரம் லேட்டானால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்று சூப்பர்வைசர் சொன்னார். அதற்கும் அம்மா ஆமா சார் என்றுதான் சொல்லி வந்திருந்தாள். ராத்திரிச் சோற்றைப் பிசைந்துகொண்டே அதை என்னிடம் சொன்னபோது எனக்குக் கிண்டல் எதுவும் வரவில்லை.

மறுநாள் அவளிடம் போய் நின்றேன். கோர்ட்டில் விசாரித்துவிட்டு வந்தவள் லைன் முழுவதையும் தண்ணிக் குழாயடியில் கூட்டினாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

"மேட்ச்சுக்கு ஒரு டீம் வரலன்னா இன்னா பண்ணுவாங்க?"

"வாக்ஓவர்" என்றேன்.

"அதுக்குக் கோர்ட்டுல பேரு எக்ஸ் பார்ட்டே. கூப்பிட்டாங்க, நீங்க போவல. அவங்க மட்டும் கிரவுண்டுல நிக்கறாங்க. கோல்கீப்பர் இல்லாத போஸ்ட்டுல அவங்க பாட்டுக்கு அடிச்சிக்கினு இருக்காங்க. கதவைச் சாத்திக்கினு நீங்க உள்ள சிரிச்சீங்க."

தீர்ப்பு இன்னும் வரவில்லை, அதனால் கோர்ட்டில் மன்னிப்புக் கேட்டு மறுபடி கிரவுண்டில் இறங்கலாம் என்றாள். பிறகு பாதை விஷயத்தை விளக்கினாள். மனை அவருடையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அடுத்தவன் இடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் எல்லோரும் பார்க்க, தடையில்லாமல், உரிமையோடு நடந்திருந்தால் நடக்கிற உரிமை நம்முடையது. அதற்குப் பெயர் ஈஸ்மென்ட். ஒரே ஒரு ஆபத்து. யாரிடமாவது அனுமதி வாங்கி நடந்திருந்தால் உரிமை போச்சு.

"சைக்கிளை இரவல் வாங்கி எத்தனை வருஷம் ஓட்டினாலும் அது இரவல்தான். குடுன்னா குடுக்கணும். கேட்டு நடந்த வழியும் அப்படித்தான்."

எல்லோரையும் திருப்பிச் சொல்ல வைத்தாள். ஒருத்தி மட்டும் தப்பித்தாள். வேலையிலிருந்து வந்த களைப்பில் எங்கம்மா குடத்தின் மேல் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தாள்.

அந்த அம்மாவைத்தான் முக்கிய சாட்சியாகப் போடப்போகிறேன் என்றாள் அவள். லைன் முழுக்க எதிர்த்தது. ஆமா சார் போடுகிற வாய் கோர்ட்டில் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிடும் என்றார்கள். நானும் அதையே சொன்னேன். அம்மாவுக்குப் பதில் என்னைப் போடு, வெளுத்து வாங்குகிறேன் என்றேன்.

"நீ வாயைத் தொறந்தா கேஸும் போயிடும், அபராதமும் போடுவாங்க" என்றாள். "அத்தைதான் அந்த வழியா அதிக வருஷம் நடந்தவங்க. நடந்தவங்க சொல்லட்டும்."

அப்படியானால் அந்த இரவல் சைக்கிள் கதையையாவது அம்மாவுக்குச் சொல்லிக்கொடு என்று கெஞ்சினேன். முடியாது என்றாள். பதிலைச் சொல்லிக்கொடுத்தால் அது அத்தை நடந்த கதையாக இருக்காது, தான் எழுதிய கதையாகிவிடும் என்றாள். நானும் வீட்டில் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். பொய் சத்தியத்துக்கு முதலில் யார் வருவார்கள் என்று எனக்குத்தான் தெரியுமே. அம்மாவிடம் அவள் சொன்னது ஒன்றே ஒன்று.

"அத்தை, அர்த்தம் தெரியாத வார்த்தைக்கு ஆமா போடாதீங்க. கேளுங்க. கேக்கறதுல தப்பே இல்ல."

அதிலிருந்து எங்கள் வீட்டில் தொடங்கியது வேதனை. அம்மா பயிற்சி எடுத்தாள். ரேஷன் கடைக்காரர் சர்வர் டவுன் என்றதும், அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டு வரிசையை நிறுத்தினாள். ஸ்டேஷனில் தொழில்நுட்பக் கோளாறு என்று அறிவித்ததற்கு ஸ்டேஷன் மாஸ்டரின் ஜன்னலில் போய் நின்றாள். "மச்சி, செம டிராஃபிக்" என்று நான் போனில் பேசினால் செம-வுக்கு அர்த்தம் கேட்டாள். எனக்கே அன்றுதான் அதற்கு அர்த்தம் தெரியாது என்று தெரிந்தது.

சாட்சி சொல்கிற நாள் வந்தது. அம்மா வேலைக்கு லீவு சொல்லியிருந்தாள். கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்து கூண்டில் ஏறினாள். எதிர்ப்பக்க வக்கீல் வயசானவர், குரல் வெல்லப்பாகு. அவரும் கைதேர்ந்தவர்தான். கன்னடத்தில் மெதுவாக ஆரம்பித்தார். உங்கள் பெயர் இதுதானே அம்மா? ஆமா சார். கோரமண்டல் லைனில்தானே குடியிருக்கிறீர்கள்? ஆமா சார். மனை உங்களுடையது இல்லையே? ஆமா சார். ஆமாவுக்கு அப்படியே ஒரு தாளம் கட்டிவிட்டார். அம்மாவின் தலை அந்தத் தாளத்துக்கு ஆட ஆரம்பித்துவிட்டது. நான் பின்பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைத் தின்றுகொண்டிருந்தேன்.

அதே தாளத்தில், அதே வெல்லக் குரலில், அடுத்ததை இறக்கினார். "அந்த வழியில் உங்கள் உபயோகம் பெர்மிஸிவ் யூஸ்தானே அம்மா?"

அம்மாவின் தலை பாதி ஆடிவிட்டது. வாயும் திறந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து எங்கள் வக்கீலைப் பார்த்தேன். அவள் அசையவில்லை. அம்மாவைப் பார்க்கக்கூட இல்லை, குனிந்து மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு இன்னா அர்த்தம் சார்?" என்றாள் அம்மா.

வக்கீல் சிரித்தார். அது சட்ட வார்த்தை, ஆமாவா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். அம்மா ஜட்ஜ் பக்கம் திரும்பி, பணிவாக, "தெரியாத வார்த்தைக்கு எப்பிடிங்கய்யா ஆமா சொல்றது?" என்றாள். ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார். சாட்சி கேட்பது சரிதான், அவங்களுக்குப் புரிகிற மாதிரி கேளுங்கள் என்றார்.

வக்கீலுக்கு வேறு வழியில்லை. வார்த்தையை உடைத்தார். "அதாவது, மனைக்காரரைக் கேட்டு, அவர் சரின்னு சொன்ன பிறகுதானே நடந்தீங்க?"

அம்மாவின் முகத்தில் வந்தது நிஜமான ஆச்சரியம். யாரும் சொல்லிக்கொடுத்து வராது அது.

"யாரைக் கேக்கறது சார்? நான் கல்யாணமாகி குடியாத்தத்துல இருந்து வந்த அன்னிக்கே அந்த வழியாத்தான் என்னைக் கூட்டிக்கினு வந்தாங்க. சங்கு ஊதுனா வூட்டுக்காரரு அதுல ஓடுவாரு. மைன்ஸ் மூடுன அப்பால வண்டிக்கு நாங்க ஓடறோம். ஓடறவங்க நின்னு கேப்பாங்களா? அங்க எருமைங்கதான் இருந்துச்சு. அதுங்களைக்கூட நாங்க கேட்டதில்ல."

கோர்ட்டில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். டைப் அடிக்கிறவர்கூட நிறுத்திவிட்டுச் சிரித்தார். வக்கீல் விடவில்லை. பழைய மனைக்காரர் நல்லவர், பெரிய மனசு பண்ணி நடக்க விட்டார், அப்படித்தானே என்றார். "நிறுத்தினவரு இருந்தாதானே சார் விட்டவரு இருப்பாரு?" என்றாள் அம்மா. யாரிடமும் அனுமதி கேட்காமல் பல வருடங்களாக நடந்ததாகச் சாட்சி சொல்கிறார் என்று ஜட்ஜ் நிதானமாகச் சொல்ல, டைப்ரைட்டர் அதைப் படபடவென்று அடித்தது. ஊரிகம் கிரவுண்டில் எங்கள் டீம் கடைசி நிமிஷத்தில் போட்ட கோலுக்குக்கூட நான் அப்படிப் புல்லரித்ததில்லை.

வெளியே வந்ததும் அம்மா, நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று அவளைக் கேட்டாள். அவள் கறுப்புக் கோட்டோடு அப்படியே அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எல்லாருக்கும் எல்லாவற்றையும் விளக்குகிறவளுக்கு அன்று ஒரு வார்த்தை வரவில்லை. நான், "சரி, இப்ப நீ சொல்லு" என்றேன். கோர்ட்டு வாசலில் எல்லோர் முன்னாலும் என் தலையில் குட்டினாள்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. மனைக்காரர் பாதை அகலத்துக்குச் சுவரை இடித்து வழிவிட வேண்டும். இடிக்கிற அன்று லைன் முழுக்க அங்கேதான். விஞ்சிங் மாமா பழைய சுரங்க ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்து, சுவர் விழும்போதெல்லாம் மணி அடிப்பது போல வாயால் சத்தம் கொடுத்தார். மறுநாள் காலை பெண்கள் முன்னே, நாங்கள் பின்னே, அந்த இடைவெளி வழியாகத் திருவிழாத் தேர் மாதிரி போனோம். வண்டி வர இன்னும் நேரமிருந்தது. முழங்கால் வீக்கத்தோடு அம்மா பிளாட்பாரத்தில் முதல் ஆளாக நின்று, ஜன்னல் சீட்டும் பிடித்தாள்.

அமீனா இப்போது வந்தால் எங்கள் லைனில் கதவைத் திறந்து டீ கொடுக்கிறார்கள். பேப்பரை வாங்கி, முதல் வரியிலேயே அர்த்தம் கேட்டு அவரை உட்கார வைத்துவிடுகிறார்கள். பாவம், இப்போது அவர்தான் ஓடி ஒளிகிறார்.

அவள் ஜட்ஜ் பரீட்சை எழுதிப் பாஸாகி, ஊரை விட்டுக் கிளம்பிய அன்று கையில் பெட்டியோடு அந்தப் பாதையில்தான் வந்தாள். லேட்டாகிவிட்டிருந்தது, வழியில் எவனோ ஒருவன் ஏதோ பேப்பரை நீட்டியிருக்கிறான், நின்று விளக்கிவிட்டு வருகிறாள். வண்டி ஊதிவிட்டது. நான் சுவர் இடைவெளியில் இரண்டு கையையும் விரித்து வழியை மறித்து நின்றேன்.

"ஜட்ஜம்மா, இந்த வழியில போவறதுக்கு யாரைக் கேட்டீங்க?"

"யாரையும் கேக்கலடா" என்று என் கைக்குக் கீழே குனிந்து, பெட்டியோடு ஓடினாள்.

வண்டியைப் பிடித்துவிட்டாள்.